அந்திவானில் கூடும் கோள்கள்: எங்கே தவறவிடுகிறோம்?

“நல்லா இருட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.” மேற்கு வானில் கோள்கள் நெருங்கி நிற்கும் மாலையைத் தவறவிட இந்த ஒரு நினைப்பே போதும். வெள்ளி சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல் விலகித் தெரிவதில்லை. புதனுக்கு 28 டிகிரிதான் எல்லை. எனவே சூரியன் இறங்கியதும் இவையும் பின்னாலேயே இறங்கிவிடும். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. அடிவானத்துக்கு மேலே 10 டிகிரியில் நிற்கும் புதன் தோராயமாக முக்கால் மணி நேரத்தில் மறைந்துவிடும். அதிலும் கடைசிச் சில நிமிடங்களை அடிவான மங்கல் விழுங்கிவிடும். சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் தேடத் தொடங்குவதே சரி. வெள்ளி அதற்கு முன்பே கண்ணில் படும்.

இருட்டான இடம் தேடி ஊருக்கு வெளியே ஓடுவதும் வீண் அலைச்சல்தான். வெள்ளியும் வியாழனும் தெருவிளக்குக்கு நடுவிலும் பளிச்சென்று தெரியும். மேற்கே மறைப்பில்லாத இடம்தான் முக்கியம். முந்தின நாள் மாலையே போய், கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. அந்த உயரத்துக்குள் மரமோ கட்டடமோ இருந்தால் வேறு இடம் பாருங்கள். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் நிலவின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்றபோது, எனக்குத் தெரிந்தது எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான்!

மறுநாள் இடம் மாறிப் போய்ப் பார்த்தேன். பெரிய வித்தியாசமில்லை. “அந்த ஒரு நாள்தான்” என்று நினைப்பதும் தவறுதான். வியாழனும் சனியும் நிதானமாக நகர்பவை. முன்னும் பின்னும் ஒரு வாரம் ஒரு டிகிரிக்குள்தான் இருந்தன. ஆனால் நிலா சேர்ந்த காட்சி என்றால் தேதி முக்கியம், அது ஒரே நாளில் 13 டிகிரி தள்ளிப் போய்விடும்.

பெரிய தொலைநோக்கி இருந்தால் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். நூறு மடங்கு உருப்பெருக்கத்தில் தெரியும் வட்டம் பெரும்பாலும் அரை டிகிரிதான். மூன்று கோள்கள் ஐந்து டிகிரியில் பரவியிருந்தால் அதில் எப்படி அடங்கும்? பத்து மடங்கு பைனாகுலர் ஏறக்குறைய ஆறு டிகிரியைக் காட்டும். ஒன்று மட்டும்: சூரியன் முழுதாக மறையும்வரை பைனாகுலரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும்.

“ஏழு கோள்களும் வரிசையில்” என்று பரவும் படங்களை நம்பி ஏழையும் எண்ண வேண்டாம். நெப்டியூன் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. யுரேனஸைக் காண மிக இருண்ட வானமும் கூர்ந்த பார்வையும் வேண்டும்.

வெறும் கண்ணுக்கே தெரியும் ஐந்து கோள்களும் மெல்லிய பிறையோடு ஏறத்தாழ 10 டிகிரிக்குள் கூடும் மாலை 2040 செப்டம்பர் 8ஐ ஒட்டி வருகிறது. ஒரு முஷ்டி அளவுதான். அதுவும் மேற்கே, தாழ்வாக.