முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு குறிப்பேடு

காரைக்குடியில் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருப்பவருக்கு முதல் ஆண்டிலேயே பாடநெறித் தேர்வுகள், ஆய்வு, இளநிலை மாணவர்களின் ஆய்வக வகுப்பு ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இவற்றைச் சமாளிக்கும் வழி செட்டிநாட்டுப் பழைய கணக்கேடுகளிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் அன்றைய வரவு செலவை அன்றே குறிப்பேட்டில் எழுதி, பெயர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, பிறகு ஐந்தொகை, அதாவது மொத்த நிலையைக் காட்டும் கணக்கு, எடுத்தார்கள்.

உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, நிரலின் கிட் பதிவு எண் (நிரலின் எந்த வடிவம் ஓடியது என்பதைக் காட்டுவது), தரவின் பதிப்பு, ரேண்டம் சீடு (தற்செயல் தேர்வுகளை மறுபடியும் அப்படியே வரவைக்கும் தொடக்க எண்), கிடைத்த முடிவு ஆகியவற்றோடு, அதை ஏன் ஓட்டினீர்கள் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தேவைப்படுவதும் அதுதான். வாரம் ஒருமுறை இவற்றை ஆய்வுக் கேள்விவாரியாகப் பேரேட்டில் பிரித்து எழுதுங்கள். பருவந்தோறும் கூடும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வைக்க வேண்டிய ஐந்தொகை அதிலிருந்து தானே வந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பழைய கணக்கேடுகளில் உள்ள தமிழ் எண்களைக் கணினி படிக்கச் செய்வது என் ஆய்வு. ௧ என்ற எண்ணுக்கும் க என்ற எழுத்துக்கும், ௭ என்பதற்கும் எ என்பதற்கும் வடிவில் வேறுபாடு சொல்வது கடினம் என்பதால், சுற்றியிருக்கும் சொற்களைக் கொண்டே எது எண் என்று தீர்மானிக்க வேண்டும். பக்கங்களைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தபோது துல்லியம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது. நெறியாளரிடம் பெருமையோடு காட்டினேன். ஒரே கணக்குப்பிள்ளையின் கையெழுத்து பயிற்சி, சோதனை இரண்டிலும் இருந்ததால் வந்த மதிப்பெண் அது என்பதை அவர் கேட்ட ஒரே கேள்வியில் உணர்ந்தேன். ஏடுவாரியாகப் பிரித்து மீண்டும் ஓட்டியபோது துல்லியம் சரிந்தது. ஆகவே, உங்கள் தரவில் எது எதோடு உறவுடையது என்று பார்த்துவிட்டே அதைப் பிரியுங்கள். புதிய முறையைத் தொடுவதற்கு முன், பிறர் வெளியிட்ட எளிய முறை ஒன்றை உங்கள் கணினியில் ஓட்டி, அவர்கள் சொன்ன முடிவு வருகிறதா என்றும் சரிபாருங்கள்.

மின்தடையும், இணையவழியில் கணினி தரும் கூகுள் கோலாபின் இணைப்பு அறுவதும் முன்னறிவிப்பின்றி வரும் என்பதால், பயிற்சியின் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அதுவரை கற்ற மாதிரியைச் சேமிக்கும்படி நிரல் எழுதுங்கள்.

பாடநெறியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட் படித்து, 55 விழுக்காடு பெற வேண்டும். ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைப் பாடம் கட்டாயம். விருப்பப் பாடத்தை உங்கள் தலைப்புக்குப் பயன்படும்படி தேர்ந்தெடுத்து, அதன் பருவக் கட்டுரையையே ஆய்வின் இலக்கிய மீளாய்வுக்கு முதல் வரைவாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

கற்பித்தலுக்கு அதே விதிகள் வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை குறிப்பிடுகின்றன. நடைமுறையில் திருத்தும் வேலை அந்த நேரத்துக்குள் அடங்காது. மாணவர்களின் ஆய்வகப் பதிவேடுகளை வாரக்கடைசிக்குச் சேர்த்து வைக்காமல் ஆய்வகத்திலேயே பார்த்து ஒப்பமிட்டுவிடுங்கள். தேவகோட்டையிலிருந்தும் கல்லலிலிருந்தும் பேருந்தில் வரும் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். பாயிண்டரை (நினைவகத்தில் ஓரிடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறி) ஆங்கில வரையறையில் தொடங்கினால் அவர்கள் எழுதிக்கொள்வார்களே தவிரப் புரிந்துகொள்ள மாட்டார்கள். வீட்டுக்கும் வீட்டு முகவரி எழுதிய சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் சொல்லி, கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து, அதன்பிறகு நிரலுக்கு வாருங்கள். அவர்கள் “ஏன் சார்?” என்று கேட்பவற்றையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் அடிப்படைக் கேள்விகள் பெரும்பாலும் அதே வகையில்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் ஆய்வகம் இருந்தால் அன்றிரவு புதிய சோதனை எதையும் தொடங்க வேண்டாம். ஓடிக்கொண்டிருப்பதை ஓடவிட்டு, அன்றைய வரியை எழுதி முடித்துப் படுத்துவிடுங்கள்.