கடல்குதிரைக்கு வீட்டில் உப்புநீர்த் தொட்டி அமைப்பது எப்படி

கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது. விழுங்கிய இரை நேராகக் குடலுக்குள் போய், பாதி செரிக்காமலே வெளியே வந்துவிடும். அதனால் தினமும் இரண்டு மூன்று வேளை தீனி போட்டே ஆக வேண்டும். தீனி கூடினால் தண்ணீரில் அழுக்கு கூடும். அழுக்கோடு வெப்பமும் சேர்ந்தால் விப்ரியோ பாக்டீரியா பெருகும். வீட்டுத் தொட்டிகளில் கடல்குதிரைகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். தண்ணீரைக் குளிர்ச்சியாகவும் சுத்தமாகவும் வைத்திருக்க முடியுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடல்குதிரை வாங்குவது அதற்குப் பிறகு.

இந்தியாவில் இருப்பவர்கள் இதை வளர்க்க நினைக்க வேண்டாம். 2001 முதல் கடல்குதிரை இனங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவிலோ பாக் விரிகுடாவிலோ வலையில் சிக்கியதை வாங்கி வைத்திருப்பது குற்றம். பண்ணையில் பிறந்த கடல்குதிரைகள் சட்டப்படி விற்கப்படும் நாடுகளில் வசிப்பவர்களுக்கே இந்தக் குறிப்புகள். அங்கேயும் கடலில் பிடித்ததை வாங்காதீர்கள். அது ஒட்டுண்ணிகளோடு வரும், உறைந்த தீனியைப் பெரும்பாலும் தொடாது, பட்டினியிலேயே போய்விடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றது ஹிப்போகாம்பஸ் எரெக்டஸ். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்து இனம், பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படுவது, சுமார் 15 செ.மீ. வளரும். கீழே உள்ள அளவுகள் அதற்கானவை.

தொட்டியும் கருவிகளும்

ஒரு ஜோடிக்குக் குறைந்தது 110 லிட்டர். கூடுதலாக வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் இன்னும் 55 லிட்டர். நீளத்தைவிட உயரம் முக்கியம்: 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இணை சேரும்போது இரண்டும் ஒன்றாக மேலெழும்பி, அப்படி எழும்போதுதான் பெண் தன் முட்டைகளை ஆணின் பைக்குள் விடும். தண்ணீர் ஆழமில்லாவிட்டால் முட்டைகள் தரையில் சிதறும்.

கடல்குதிரைக்கு அசையாத தண்ணீர் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அது தவறு. தண்ணீர் தேங்கும் மூலைகளில்தான் மிச்சத் தீனியும் கழிவும் படிந்து அழுகும். தொட்டியின் மொத்த நீரும் மணிக்குப் பத்துத் தடவையாவது சுழல வேண்டும். 110 லிட்டருக்கு மணிக்கு 1,100 லிட்டர் தள்ளும் பம்பு. ஆனால் வேகமான ஒற்றைத் தாரையாக வராமல், துளையிட்ட குழாய் வழியாகப் பரவலாக விழட்டும். கடல்குதிரை தன் பிடியை விட்டு நீந்தும்போது அடித்துச் செல்லப்படாமல் போக நினைத்த இடத்துக்குப் போக முடிந்தால் ஓட்டம் சரி. பம்பு நீரை உறிஞ்சும் வாய் ஒவ்வொன்றையும் கடற்பஞ்சால் (ஸ்பாஞ்ச்) மூடுங்கள். வாலும் மூக்கும் அதற்குள் இழுபட்டால் காயம், காயத்தில் தொற்று.

ஹீட்டரைத் தொட்டிக்குள் வைக்க வேண்டாம். கடல்குதிரை அதையும் வாலால் சுற்றிக்கொள்ளும், வெந்துபோகும். சம்ப்பில் (கருவிகளை வைக்கும் துணைத் தொட்டி) வையுங்கள், சம்ப் இல்லையென்றால் உறை போட்ட ஹீட்டர்.

வெப்பநிலை 20 முதல் 23 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இது நடக்காது. மின்விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் குறைக்கும், தண்ணீரும் வேகமாக ஆவியாகும். ஆவியான அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை அல்ல; உப்பு ஆவியாவதில்லை, தொட்டியிலேயே தங்கிவிடும். சில்லருக்குச் செலவழிக்க மனமில்லையென்றால் கடல்குதிரையே வேண்டாம் என்பதுதான் நேர்மையான ஆலோசனை.

கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் உங்கள் தொட்டியைப் போல் இரண்டு மடங்கு கொள்ளளவுக்கானதாக இருக்கட்டும். அதிலிருந்து நுண்குமிழிகள் தொட்டிக்குள் வராமல் தடுப்புப் பலகை போடுங்கள்.

பாறை விஷயத்தில் உலர்ந்த பாறையே பாதுகாப்பு. உயிர்ப்பாறையோடு (கடல் உயிரினங்கள் ஒட்டியிருக்கும் பாறை) ஐப்டேசியா என்ற சிறு அனிமோனி, ஹைட்ராய்டு, நண்டு, மான்டிஸ் இறால் எல்லாம் ஒளிந்து வரும். முதல் இரண்டும் கொட்டும், மற்றவை கடிக்கும், அடிக்கும். அடியில் மணல் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். வெறும் கண்ணாடியாக இருந்தால் சுத்தம் செய்வது இன்னும் எளிது. வால் பற்றிக்கொள்ள உயரமான பிடிமானங்கள் பல இடங்களில் வேண்டும்: பிளாஸ்டிக் செடி, செயற்கைக் கடல்விசிறி, கடற்பாசி. காலர்ப்பா பாசி வைத்தால் அடிக்கடி கத்தரித்துவிடுங்கள். விட்டுவிட்டால் ஒரே இரவில் வித்துகளைக் கக்கித் தண்ணீரைக் கலக்கிவிடும்.

தண்ணீர்

ஆர்.ஓ.-டி.ஐ. நீரில் (வடிகட்டி, கரைந்த அயனிகளையும் நீக்கிய நீர்) லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை போட்டு, பம்பு ஓடவிட்டு ஒரு நாள் கலக்குங்கள். ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.023 முதல் 1.025. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரால் சரிபார்ப்பதைவிட 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தால் சரிபார்ப்பது நம்பகமானது. பி.எச். 8.0 முதல் 8.4. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 10 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழே வைக்கப் பாருங்கள்.

மீன் விடுமுன் தொட்டியைப் பழக்க வேண்டும், அதாவது கழிவை மாற்றும் நன்மை செய்யும் பாக்டீரியாவை அதில் வளர்க்க வேண்டும். அம்மோனியாவை 2 பி.பி.எம். வரும்வரை சேருங்கள். அது நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாகும். 2 பி.பி.எம். அம்மோனியா போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். இதற்கு நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். மீனை இந்தத் தொட்டியில் விடும் நாள்வரை அம்மோனியா போடுவதை நிறுத்தாதீர்கள். உணவில்லாவிட்டால் நன்மை செய்யும் பாக்டீரியா குறைந்துவிடும்.

மீன் வரும் நாள்

மீனை முதலில் விடப்போகும் தனித் தொட்டியின் உப்பளவை விற்பவருடைய அளவுக்கு முன்கூட்டியே கொண்டுவாருங்கள். நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அந்த நிலையில் அம்மோனியா அவ்வளவாகத் தீங்கு செய்யாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகும். ஆகவே மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்த பிறகு திறந்து, தாமதிக்காமல் மீனை மாற்றுங்கள். ஒரு நாள் பயணித்து வந்த மீனுக்கு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ப்பது ஆபத்து. வலையால் காற்றில் தூக்க வேண்டாம். ஈரக் கையால் ஏந்தித் தண்ணீருக்குள்ளேயே மாற்றுவது நல்லது. முதல் ஆறு வாரம் அந்தத் தனித் தொட்டியில் கடற்பஞ்சு வடிகட்டியோடு வைத்துக் கவனியுங்கள்.

தீனி

முதன்மைத் தீனி உறைந்த மைசிஸ் இறால். ஒரு மீனுக்கு ஒரு வேளைக்கு 6 முதல் 10 மைசிஸ் என்று தொடங்கி, மீன் தின்பதைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். கிண்ணத்தில் உருகவிட்டு, கலங்கிய நீரை வலையில் வடித்துக் கொட்டிவிடுங்கள். தண்ணீரைக் கெடுப்பதில் அந்தச் சாறுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு ஓட்டத்தைக் குறைத்து, பிப்பெட்டால் தினமும் ஒரே இடத்தில், ஒரு சிப்பி ஓட்டிலோ கண்ணாடித் தட்டிலோ போடுங்கள். சில நாளில் மீன் அந்த நேரத்துக்கு அங்கே வந்து நிற்கும். மிச்சத்தை அரை மணி நேரத்தில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

உறைந்த தீனியைத் தொடாத மீனுக்கு உயிருள்ள ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் போன்ற உயிரி) உதவும். வளர்ந்த ஆர்டீமியாவில் தனியாகச் சத்து குறைவு. கொழுப்பு அமிலக் கரைசலிலோ பாசியிலோ 12 மணி நேரமாவது ஊட்டி வளர்த்த பிறகே கொடுங்கள்.

இரையை உறிஞ்சும்போது டிக் என்று ஒலி கேட்கும். ஒலி நின்றால், அல்லது குறி தவறிக்கொண்டே இருந்தால், மூக்கைக் கவனியுங்கள்: வெண்மையோ வீக்கமோ தெரிந்தால் தொற்று.

வாரந்தோறும்

15 முதல் 20 சதவீதம் நீர் மாற்றுங்கள். மாற்றும்போது பாறைகளுக்குப் பின்னாலும் செடிகளின் அடியிலும் இருக்கும் கசடைக் குழாயால் உறிஞ்சுங்கள். பஞ்சுகளை எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள்; குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். ஸ்கிம்மர் கிண்ணத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள்.

கூட்டாளிகள் குறைவாக இருப்பதே நல்லது. ட்ரோக்கஸ், நாசேரியஸ் நத்தைகள் போதும். அவை மிச்சத் தீனியையும் பாசியையும் பார்த்துக்கொள்ளும். கோமாளி மீன், டாங், டிரிகர், பஃபர் மீன்கள் வேண்டாம்: தீனியைப் பறிக்கும் அல்லது கடிக்கும். கடல் அனிமோனி வேண்டவே வேண்டாம்.

நோய் வந்தால்

வாலில் வெள்ளைப் புண், தோல் உரிதல், வேக மூச்சு, பட்டினி: இவற்றில் எது தெரிந்தாலும் முதலில் அம்மோனியாவையும் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, வெப்பத்தை மெதுவாக 20 டிகிரிக்கு இறக்குங்கள். மருந்தை முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் நன்மை செய்யும் பாக்டீரியாவும் சாகும்.

தோலுக்கடியில் குமிழி, கண் வீக்கம், ஆணின் பை ஊதி மேலே மிதத்தல் ஆகியவை வாயுக்குமிழி நோயின் அடையாளம். ஊசியால் நீங்களே குத்தாதீர்கள். இதற்கு அசெட்டாசோலமைடு என்ற மருந்து பயன்படும். அளவை மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அந்த மருந்துக்கும் 40 லிட்டர் தனித் தொட்டிக்கும் மீன் வாங்கும் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.