காலையில் விரல் மடங்கவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள்

மூட்டு வலியில் முதலில் அளக்க வேண்டியது வலியை அல்ல, காலை விறைப்பை. எழுந்த நேரத்தைக் குறியுங்கள். டம்ளரை இறுக்கிப் பிடிக்கவோ சட்டைப் பொத்தான் போடவோ முடிந்த நேரத்தையும் குறியுங்கள். அரை மணிக்குள் இளகினால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்து, வாரக்கணக்கில் தொடர்ந்தால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். அதில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு, அதனால்தான் காலையில் அவ்வளவு இறுகிக் கிடக்கிறது.

அடுத்து, எந்தக் கணு? நகத்தை ஒட்டிய கணு மட்டும் புடைத்தால் பெரும்பாலும் தேய்மானம். நடுக்கணு, விரலும் கையும் சேரும் மொளி, மணிக்கட்டு இவை இரண்டு கையிலும் வீங்கினால் சந்தேகம் வலுக்கும். கை குலுக்குவதுபோல் நான்கு மொளிகளையும் பக்கவாட்டில் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் தள்ளிப்போடாதீர்கள்.

வேலையையும் கணக்கில் எடுங்கள். குடியாத்தத்தில் பீடி சுற்றுபவருக்குக் கட்டைவிரல் அடியில் மட்டும் வலித்து, ஓய்வு நாளில் குறைந்தால் அது பெரும்பாலும் தசைநார் வீக்கம். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகும் மாதக்கணக்கில் முடக்குவாதம் மாதிரியே வலி வரலாம். காய்ச்சல் வந்த மாதத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். நாற்பது வயதுக்குள் மூன்று மாதத்துக்கு மேல் முதுகு வலித்து, படுத்தால் கூடி நடந்தால் குறைந்தால் அது முதுகெலும்பைத் தாக்கும் வேறு வாதமாக இருக்கலாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றதால் வந்ததென்று விட்டுவிடக் கூடாது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனாலும் பழைய சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துப் போங்கள். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் உடலில் உள்ள அழற்சியைக் காட்டும். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபாக்டர் நல்ல உடம்பிலும் பாசிட்டிவ் வரும், நோயிருந்தும் நெகட்டிவ் வரும், ஆன்டி சி.சி.பி. அதைவிட நம்பகமானது. பெரியவர்களின் நாள்பட்ட மூட்டு வலிக்கு, தொண்டைக் கிருமித் தொற்றைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. பரிசோதனை பெரும்பாலும் வீண் செலவு.

தவறு அதிகம் நடப்பது முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையில். வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் விழுங்கினால் வாய்ப்புண் வரும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். சனிக்கிழமை என்றால் காலண்டரில் எல்லாச் சனியையும் வட்டமிடுங்கள். 2.5 மில்லிகிராம் மாத்திரையும் 10 மில்லிகிராம் மாத்திரையும் வீட்டில் கலந்து கிடக்க வேண்டாம். 15 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 2.5-இல் ஆறு, வேறு அட்டை மாறினால் கணக்கே மாறிவிடும். ஃபோலிக் ஆசிட்டை மருத்துவர் சொல்லும் வேறு நாளில் போடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரமே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். ரத்த அணு, ஈரல், சிறுநீரகப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மது கூடாது. கருத்தரிக்க நினைத்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதினால், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து.

ஒரே நாளில் வலியைப் பறக்கடிக்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் தின்றுவிட்டுச் சட்டென்று நிறுத்தாதீர்கள், பொட்டலத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.