போனில் தொடரும் எச்ஐவி சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எச்ஐவி சிகிச்சை ஆயுள் முழுக்கத் தொடர்வது. கூட்டு மருந்து ஒத்துக்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருப்பவர் ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் வரிசையில் உட்கார வேண்டியதில்லை. பல ஆலோசனைகளைப் போனிலோ வீடியோ காலிலோ முடித்துக்கொள்ளலாம். ஒரு நாள் வேலை கெடாது. 'அங்கே யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ' என்ற பயமும் இல்லை. இத்தனை நல்ல வசதியை, போனில் பேசும் மருத்துவர்களும் ஆலோசகர்களும் செய்யும் சில தவறுகள் கெடுத்துவிடுகின்றன.

அவற்றில் பெரியது, எதிர்முனையில் உள்ள நோயாளி தனியாக இருக்கிறார் என்று நினைத்துப் பேச்சைத் தொடங்குவது. திரையில் ஒரே முகம்தான் தெரியும். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் குரல் இறங்கும். "ம்", "சரிங்க" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். பார்வை அடிக்கடி ஒரு பக்கமாகப் போய்த் திரும்பும். அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அந்த நிமிடத்தில் எச்ஐவி என்ற சொல் ஸ்பீக்கரில் ஒலித்தால், அதற்கான விலையை ஒரு குடும்பமே கொடுக்க நேரிடும்.

அதனால் முதல் கேள்வி எப்போதும் "இப்போ பேசலாமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்பதாகவே இருக்கட்டும். ஹெட்போன் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது மருத்துவரின் குரலை மட்டுமே மறைக்கும், நோயாளி சொல்வது அறை முழுக்கக் கேட்கும். ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி கேள்விகளை அமைத்துக்கொள்ளுங்கள். "அப்புறம் பேசலாம்" என்பதற்கு ஒரு சங்கேதச் சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்கள். நினைவூட்டும் குறுஞ்செய்தியில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ சிகிச்சைப் பிரிவின் பெயரோ வேண்டாம். பூட்டிய போனின் திரையிலும் செய்தி தெரியும் என்பதை மறந்துவிடுகிறோம்.

அடுத்த தவறு, குரல் தெளிவாக இருக்கிறது என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது. வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்கும்போது உடம்புக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். சிகிச்சை தொடங்கி 6-வது மாதம், 12-வது மாதம், பிறகு நிலையாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைவிட அடிக்கடி பார்க்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. டெனோஃபோவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர்களுக்குச் சிறுநீரகப் பரிசோதனையும் தேவை. ஒவ்வொரு போன் காலும் முடியும்போது அடுத்த பரிசோதனையின் தேதியைக் குறித்துவிடுங்கள்.

"மாத்திரை ஒழுங்கா எடுக்குறீங்களா?" என்று கேட்டால் "எடுக்குறேன்" என்றுதான் பதில் வரும். "போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். விட்டுப்போவது யாருக்கும் நேரும் என்ற தொனி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அதனால் உண்மையும் வரும். வீடியோவில் பேசினால் வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் கேமரா முன் காட்டச் சொல்லுங்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர் வெறும் வயிற்றில் இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரையைக் கூடவே போட்டுக்கொண்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ டோலுடெக்ராவிரை எடுக்க வேண்டும். உணவோடு சேர்த்து என்றால் ஒன்றாகவே எடுக்கலாம். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்துகளுக்கு இந்த உணவுச் சலுகை கிடையாது, நேர இடைவெளி விட்டே ஆக வேண்டும். கடையில் தானாக வாங்கிப் போடும் இந்த மாத்திரைகளை 'மருந்து' என்று நினைக்காததால் யாரும் சொல்வதில்லை.

எல்லாவற்றையும் போனிலேயே முடிப்பதும் தவறுதான். இருமல், காய்ச்சல், இரவில் வியர்த்துக்கொட்டுவது, எடை குறைவது என இவற்றில் ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனைக்கு நேரில் வரச் சொல்லுங்கள். விடாத தலைவலி, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே வர வேண்டும்.

வீடியோதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். டேட்டா இல்லாதவருக்குச் சாதாரண போன் போதும்.

போனை எடுக்கவில்லை என்றால் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு நகராதீர்கள். எண் மாறியிருக்கலாம், போன் வேறொருவர் கையில் இருக்கலாம், மாத்திரை தீர்ந்து சொல்லக் கூச்சப்பட்டு ஒதுங்கியும் இருக்கலாம். முதல் சந்திப்பிலேயே இரண்டாவது எண் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதை எடுப்பவரிடம் என்ன சொல்லலாம், எதைச் சொல்லவே கூடாது என்பதையும் நோயாளியிடமே கேட்டு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.