சிடி ஆஞ்சியோவுக்கு ரெடி பண்றப்ப நான் பண்ணி, இப்ப நீங்களும் பண்ற தப்புங்க

போன வாரம் புதுசா வந்த ட்ரெய்னி பையன் ஒருத்தன் ஹார்ட் சிடிக்கு (சிடி ஆஞ்சியோ, அதாவது மருந்து ஏத்தி ஹார்ட் ரத்தக்குழாய படம் எடுக்கறது) பேஷண்ட்ட ரெடி பண்றதப் பாத்துட்டு நின்னேன், பழைய என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு, அதே அவசரம், அதே வசனம். கன்சென்ட், நகை, கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்) இதெல்லாம் விட்டா திட்ட வேற ஆள் இருக்காங்க, அத விடுங்க.

"சூடா இருக்கும், ஆடாதீங்க"

இந்த ஒரு வரிதான் எனக்கு இன்னும் எரிச்சல். வார்டுல இருந்து ஒரு பாட்டி வந்தாங்க, மணிக்கட்டுல புளூ வென்ஃப்ளான் (வெயின்ல சொருகி வைக்கற ஊசிக்குழாய், புளூன்னா சின்ன சைஸ்), வெயின் கிடைக்கலன்னு போட்டு அனுப்பிட்டாங்க. நானும் கைய தொங்கப்போட்டபடியே 5 மில்லி சலைன் தள்ளிப் பாத்தேன், வழுக்கிட்டு போச்சு, சரின்னு கைய தலைக்கு மேல தூக்க வச்சு இன்ஜெக்டர்ல (மருந்த வேகமா தள்ற மெஷின்) கான்ட்ராஸ்ட், அதாவது படத்துல ரத்தக்குழாய் தெரிய ஏத்தற மருந்து, செகண்டுக்கு 5 மில்லி வச்சேன். "எரியுது தம்பி"ன்னு மைக்குல கேட்டுச்சு. "அப்படித்தான்மா இருக்கும்"னுட்டேன். பாவம், அதுக்கப்புறம் வாயே திறக்கல. படத்துல ஹார்ட்டுக்குள்ள மருந்தே இல்ல, மொத்தமும் கையில, பன்னு மாதிரி வீங்கி இருந்துச்சு. கைய உயர்த்தி வச்சு, ஐஸ் வச்சு, கொப்புளம் வருதா விரல் மரத்துப் போகுதான்னு சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நல்லவேளை வடிஞ்சிருச்சு, ஆனா ஸ்கேன் இன்னொரு நாள் மறுபடியும்.

அந்தம்மா சொல்லத்தான் செஞ்சாங்க, சொல்ல விடாம பண்ணது நான்தான். கான்ட்ராஸ்ட் சூடு தொண்டை, நெஞ்சுல ஆரம்பிச்சு அடிவயித்துக்கு இறங்கும், யூரின் போன மாதிரி கூட இருக்கும், கொஞ்ச நேரத்துல போயிரும். ஊசி இருக்கற எடத்துல மட்டும் எரிஞ்சா அது லீக். ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க, கையில எரிஞ்சா கத்துங்கன்னு சொல்லுங்க. முழங்கை மடிப்புல பிங்க் வென்ஃப்ளான், இல்லன்னா க்ரீன் (ரெண்டும் புளூவ விட பெரிய சைஸ்), முடிஞ்சா வலது கை (இடதுன்னா அடர்த்தியா மருந்து நெஞ்சுக்கு குறுக்க போறப்ப படத்துல கோடு விழும்). கைய மேல தூக்கின அப்புறம்தான், அதே ஸ்பீடுல, வெயின் மேல விரல வச்சுட்டு சலைன் ஓட்டிப் பாக்கணும்.

வெறும் வயிறு

சாப்பாடுதான் வேணாம், தண்ணி குடிக்கலாம். இத சொல்லாம விட்டா நாக்கு வறண்டு வருவாங்க, கிட்னிக்கும் நல்லதில்ல, வெயினும் கிடைக்காது.

காபி

முந்தின நாள் ராத்திரில இருந்தே வேணாம். டீயும்தான்.

பீட்டா பிளாக்கர்

ஹார்ட் துடிப்ப குறைக்க குடுக்கறது. ஆஸ்துமா இருக்கான்னு கேட்டுட்டு குடுங்க.

நாக்குக்கு அடியில நைட்ரோ

ரத்தக்குழாய விரிக்கறதுக்கு குடுக்கறது. முன்னாடி வயாக்ரா மாதிரி மாத்திரை எடுத்தாரான்னு தனியா கூட்டிட்டுப் போய் கேளுங்க, பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி கேட்டா இல்லன்னுதான் வரும். சில்டெனாஃபில்னா 24 மணி நேரம், டடாலாஃபில்னா 48, அதுக்குள்ள குடுத்தா பிபி தரைக்குப் போயிரும்.

இறால் அலர்ஜி

இதுக்கும் கான்ட்ராஸ்டுக்கும் சம்பந்தம் இல்ல. முன்னாடி கான்ட்ராஸ்ட் போட்டப்ப என்ன ஆச்சுன்னு கேளுங்க.