குதிரைக்குப் பூச்சி மருந்து: இனம் அல்ல, எடைதான் கணக்கு

சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் நான் பார்த்துக்கொள்ளும் லாயத்தில் தரோபிரெட் இனத்து ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்றும் குட்டையான போனி ஒன்றும் நிற்கின்றன. உதவிக்கு வரும் பையன்கள், "அண்ணே, தரோபிரெட்டுக்கு வேற மருந்தா?" என்று கேட்பார்கள். இல்லை. நாங்கள் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் புழுவின் நரம்பையும் தசையையும் முடக்குகிறது. எந்த இனத்திலும் அந்த வேலை ஒன்றுதான். எடைக்கேற்ப அளவுதான் மாறும்: கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்.

எடை பார்க்க அளவுநாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,877ஆல் வகுங்கள். எல்லாம் சென்டிமீட்டரில். எங்கள் போனிக்குச் சுற்றளவு 140, நீளம் 130; சுமார் 215 கிலோ வரும். பெரியவன் 475. குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுத்தால் புழு பிழைத்து மருந்துக்கு அசையாமல் போய்விடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

மொக்சிடெக்டின் என்ற இன்னொரு புழு மருந்து உடல் கொழுப்பில் தங்குவது. மெலிந்த குதிரைக்கும் சின்னக் குட்டிக்கும் ஆபத்தாகலாம். கால்நடை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சரி, கொடுக்கும் முறை. மருந்துச் சிரிஞ்சின் தண்டிலுள்ள வளையத்தைக் குதிரையின் எடைக்குரிய குறிக்கு நேராக நிறுத்துங்கள். வாயில் புல் இருந்தால் மருந்தோடு துப்பிவிடும். பல் இல்லாத இடைவெளி வழியாக நாக்கின் பின்பக்கம் தள்ளிவிட்டு, தலையைச் சற்றே தூக்கிப் பிடியுங்கள்.

அப்புறம், மருந்துக்கு முன்னும் 14 நாள் கழித்தும் லத்தியில் புழு முட்டையை எண்ணிப் பார்க்கக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். மேய்ச்சல் இடத்து லத்தியை வாரம் இரண்டு முறையாவது அள்ளிவிடுங்கள்.