வளைவு, நெளிவு, சுருள்: ஒரு முழக் கயிறு போதும்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டுப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கோயில். அதன் திருவிழா மலரில் தலைவரைப் பற்றி நான் எழுதிய வரி: "அனைவரிடமும் வளைந்து நெளிந்து பணியாற்றினார்." விட்டுக்கொடுத்துப் போகிறவர் என்று சொல்ல வந்தேன். படித்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் இரண்டு வாரம் என் பக்கம் திரும்பவேயில்லை. அதற்குப் பிறகுதான் இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

தேவை ஒரு முழக் கயிறு. துணி காயப்போடும் நைலான் கயிறு விறைத்துக்கொண்டு நிற்கும்; சணல் கயிறு சொன்ன பேச்சைக் கேட்கும். கைப்பேசி அகராதியை மூடிவையுங்கள். வளைவைத் தேடினால் நெளிவு, நெளிவைத் தேடினால் வளைவு என்று நம்மைத்தான் சுற்றவிடும்.

முதல் படி: கயிற்றை மேசைமேல் நீட்டி, ஒரே ஒரு பக்கமாகத் திருப்புங்கள். இது வளைவு. வில், புருவம்.

இரண்டாம் படி: இடம், வலம், மறுபடி இடம் என்று மாற்றி மாற்றித் திருப்புங்கள். இது நெளிவு. பாம்பு, புழு, விரலில் போடும் நெளி மோதிரம். புள்ளிகளுக்கிடையே புகுந்து புறப்படும் சிக்குக் கோலத்துக்கு நெளிக்கோலம் என்றும் பெயர் உண்டு. தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், வயிறு சொல்லும். அதே மலைக்குப் போகும் சிம்பாங் பூலாய்ச் சாலை அவ்வளவு படுத்தாது. மலாயில் யோசித்துப் பழகியவர்களுக்கு: 'செலெக்கோ' என்றால் வளைவு, 'பெர்லிக்கு' என்றால் நெளிந்து போவது.

மூன்றாம் படி: ஒரே பக்கமாக விடாமல் சுற்றுங்கள். சுருள். நம் ஊர்ப் பெயரிலுள்ள சிப்புட், அதாவது நத்தை, முதுகில் சுமப்பது இதைத்தான்.

நான்காம் படிதான் என்னைக் கவிழ்த்தது. ஆறும் பாதையும் வளைந்து நெளிந்து போனால் அழகு. அதையே மனிதர்மேல் ஏற்றினால் பொருள் வேறு. நாலு பேர் முன்னால் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் நெளிகிறோமே, அது கூச்சம். 'வளைந்துகொடுத்தார்' என்றால் விட்டுக்கொடுத்தார். மானத்தைக் காப்பாற்றுவது அந்தக் 'கொடு'தான். அதைக் கைவிட்டு 'நெளிந்து' என்பதைச் சேர்த்தேன். தலைவர் ஊரார் முன் குழைந்து நிற்பவர் ஆகிவிட்டார். தொழிலின் நுணுக்கம் அறிந்தவரைப் பாராட்ட 'நெளிவு சுளிவு தெரிந்தவர்' என்ற தொடர் இருக்கிறது. என் அம்மா பால்மரம் வெட்டுவதில், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுப்பதில், நெளிவு சுளிவு தெரிந்தவர்: பட்டையை மட்டும் சீவுவார், உள்மரத்தில் கத்தி படாது. இத்தனைக்கும் அவர் வெட்டிய கோட்டில் ஒரு நெளிவையும் பார்க்க முடியாது!

பின்சேர்க்கை: சுளிவா, சுழிவா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். சுளிவுதான், முகம் சுளிக்கும் ளகரம். ழகரம் போட்டால் ஆற்றுச் சுழிக்கும் பிள்ளையார் சுழிக்கும் போய்விடுவீர்கள்.

இன்னொன்று: லோரி ஏறிய வாளியையும் நெளிந்துவிட்டது என்கிறோமே, அது எங்கே இடமும் வலமும் திரும்பியது என்று ஒருவர் மடக்கினார். சரியான கேள்வி. அங்கே நெளிதல் என்பது உருக்குலைதல். வாளி நெளிந்தது, லோரி அதை நெளித்தது. அதற்கு என் கயிறு உதவாது.